துவக்குக்கு ஏற்ற மருந்து

குருநாகலிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மாத்தளை மாவட்டத்தில் அமைந்தது கலேவெல. அவ்வூரைச் சூழ்ந்த வயல்களிலும் சேனைகளிலும் விளைச்சல் முற்றும் காலத்தில், காட்டுப் பன்றியும் யானையும் இரவில் வந்து இறங்குவதுண்டு. இத்தகைய ஊர்களில் பயிர்க்காவலுக்கு நெடுங்காலமாகத் துணையாயிருந்தது, வாயின் வழியே மருந்தை இட்டு இடிக்கும் நாட்டுத் துவக்கு. அதில் இடத்தக்க மருந்து எது என்னும் கேள்வி அற்பமானதன்று. அதற்குப் பிழையான விடை கண்டவன் விரலையோ கண்ணையோ இழக்க நேரிடும்.

துவக்கு மருந்தில் இரு பெரும் வகைகள் உண்டு. முதலாவது கருமருந்து. வெடியுப்பு, கந்தகம், மரக்கரி ஆகிய மூன்றும் சேர்ந்த கலவை இது. கண்டி மன்னர் காலத்தில் இதற்கு வேண்டிய வெடியுப்பு மலைநாட்டுக் குகைகளிலேயே கிடைத்தது. மாத்தளை, கண்டி மாவட்டங்களில் பரந்துள்ள நக்கிள்ஸ் மலைத்தொடரில் அத்தகைய குகை ஒன்று இன்றும் வெடியுப்புக் குகை என்றே வழங்குகிறது. ஆங்கிலேய மருத்துவரான ஜோன் டேவி, அங்கு உப்பெடுத்த முறையை 1821ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் விவரித்துள்ளார்.

கருமருந்து எரியும் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அதன் மணியின் பருமனே. பருமணி மெல்ல எரியும். ஆதலால் அது பீரங்கிக்கு உரியது. நுண்மணி விரைந்து எரியும். அது கைத்துப்பாக்கிக்கு உரியது. எரிந்தபின் இம்மருந்தில் பாதிக்கு மேற்பட்ட பகுதி வாயுவாகாமல், புகையாகவும் கசடாகவும் எஞ்சும். அக்கசடு ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும்.

இரண்டாவது வகை புகையிலா மருந்து. பிரெஞ்சு வேதியியல் அறிஞர் போல் வியேய் 1884ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். பின்னர்ப் பிரித்தானியர் ஆக்கிய கோர்டைட் என்னும் மருந்தும் இவ்வினத்ததே. அதனைச் செய்வதற்கென்றே நீலகிரியின் அருவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தொழிற்சாலை எழுந்தது.

இம்மருந்தின் இயல்பு கருமருந்தினின்றும் வேறானது. ஊத ஊத மூளும் அடுப்பைப் போல, அழுத்தம் மிகுந்தோறும் இதன் எரிவும் விரைவுபடும். எரிவு விரைவுபட, அழுத்தம் மேலும் மிகும். இச்சுழற்சியைத் தாங்குமாறு உறுதியான எஃகினால் ஆக்கப்பட்ட துவக்குகளுக்கே இது பொருந்தும். நாட்டுத் துவக்கில் கருமருந்துக்குப் பதிலாக, அதே அளவில் இதனை இட்டால் குழல் பிளந்து, சுடுபவனையே தாக்கும்.

புகையிலா மருந்திலும் எல்லாம் ஒன்றல்ல. நீண்ட குழலையுடைய ரைபிளில் ரவை ஓடும் தொலைவு அதிகம். எனவே அதற்கு மெல்ல எரியும் மருந்து தகும். கைத்துப்பாக்கியின் குழலோ குறுகியது. ரவை வெளியேறுமுன் எரிந்து முடிய வேண்டுமாதலால், அதற்கு விரைந்து எரியும் மருந்தே ஏற்றது. சட்டம் இடந்தரும் நாடுகளில் இலக்குப் பயிற்சி செய்வோர், சுட்ட தோட்டாக் கூடுகளைத் தாமே மீண்டும் நிரப்பிக்கொள்வர். அவர்கள் விரும்புவது பெருவலிமையன்று. மெல்லிய உதைப்பு, குறைந்த செலவு, சுடுந்தோறும் மாறாத வேகம் ஆகியவையே. 1898ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த புல்ஸ் ஐ என்னும் மருந்து, நூறாண்டுக்கு மேலாக இதற்குப் பெயர் பெற்றது.

ஆயினும் இங்கு ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. இலக்குச் சுடுவோர் பெரிதும் கையாளும் பாயிண்ட் 38 ஸ்பெஷல் தோட்டாவின் கூடு, தொடக்கத்தில் 21 கிரெயின் கருமருந்து கொள்ளுமாறு அமைந்தது. ஓர் இறாத்தலை 7,000 கூறாக்கினால் அதில் ஒரு கூறே கிரெயின். இன்று மெல்லிய பயிற்சித் தோட்டாவுக்கு, விரைந்து எரியும் மருந்து மூன்று கிரெயினளவே போதுமானது. ஆதலால் கூட்டின் பெரும்பகுதி வெறுமையாய்க் கிடக்கும். கவனக்குறைவால் இருமுறை மருந்திட்டாலும் அது நிரம்பி வழியாது. கண்ணுக்குப் புலப்படாமலே போகலாம். துவக்கு வெடிக்கும்போதே பிழை தெரியவரும்.

இதனாலேயே அனுபவம் வாய்ந்தோர் சில நெறிகளைத் தவறாது பேணுகின்றனர். மருந்து செய்தோர் வெளியிட்ட அளவுப் பட்டியலை மீறுவதில்லை. கண்மதிப்பை நம்பாது தராசில் நிறுக்கின்றனர். ஒரே வேளையில் ஒரு மருந்துக்கு மேல் மேசைமீது வைப்பதில்லை. பெயர் அழிந்த டப்பாவிலுள்ள மருந்தை, நிறம் பார்த்து இன்னதென்று துணிவதுமில்லை. சிறிது கூடுதலாகவே இடுவோம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

இலங்கையில் துவக்கு வைத்திருத்தலை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமும், வெடிமருந்தை 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டமும் கட்டுப்படுத்துகின்றன. உரிமம் இன்றி மருந்து செய்வதும் சேமிப்பதும் குற்றமாகும். இக்கட்டுப்பாடு உழவனுக்குத் தொல்லையெனத் தோன்றலாம். ஆயின் இன்னதென்று அறியாத மருந்தை, இன்ன வலிமையதென்று அறியாத குழலில் இடுவோன், பன்றிக்கு அஞ்சித் தன் துவக்குக்கே இரையாகக் கூடும். மருந்தின் வேகம் குழலின் உறுதிக்குள் அடங்கியிருத்தல் வேண்டும். மலைக்குகையில் உப்பெடுத்த நாளிலும், நுண்தராசில் கிரெயின் நிறுக்கும் இந்நாளிலும் அவ்விதி ஒன்றே.