இரு கண்களின் கணக்கு

ஒரு பொருளை நம் இடக்கண் காணும் காட்சியும் வலக்கண் காணும் காட்சியும் முற்றிலும் ஒன்றல்ல. இரு விழிகளுக்கும் இடையே ஏறக்குறைய 6.5 சென்டிமீட்டர் தொலைவு உண்டு. அதனால் எழும் சிறு வேறுபாட்டைக் கொண்டே மூளை ஆழத்தை உணர்கிறது. இதனை 1838-இல் விளக்கியவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்லஸ் வீட்ஸ்டன்.

1984-இல் வெளிவந்த ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ படத்தில் இரு கண்களுக்கும் உரிய படங்கள் ஒரே பிலிம் சுருளில் மேலும் கீழுமாகப் பதிவாயின. ஒன்று இருக்க மற்றொன்று தொலைவது என்ற பேச்சே அங்கு இல்லை. 2018-இல் வந்த ‘2.0’ போன்ற முப்பரிமாணப் படங்கள் டிஜிட்டல் காலத்தவை. இரட்டைக் கேமரா முறையில் கண்ணுக்கு ஒரு கேமரா, கேமராவுக்கு ஒரு மெமரி கார்டு. இடக்கண் கோப்பு கெட்டுவிட்டால், பழுதற்ற வலக்கண் கோப்பும் அரைக் காட்சியே. கோப்புகளின் பெயர் இடம் மாறினாலோ வேடிக்கைதான்: அருகில் நிற்பவர் தொலைவிலும், பின்னாலுள்ள மலை முன்னாலும் தோன்றும்! ஆகவே கார்டைக் கேமராவிலிருந்து எடுத்த கணமே ‘இடம்’, ‘வலம்’ என்று சீட்டு ஒட்டிவிட வேண்டும்.

அளவையும் பார்ப்போம். ஒரு படச்சட்டம் 7 மெகாபைட்டு என்று கொள்வோம். நொடிக்கு 24 சட்டங்கள். அஃதாவது 168 மெகாபைட்டு. ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 600 கிகாபைட்டு. இரு கண்களுக்கும் 1,200. மூன்று படிகள் எடுத்தால் 3,600.

மூன்று படிகள் எதற்கு என்பீர்கள். எங்கள் மல்லாங்கிணற்றுக் கரிசலில் வானம் பார்த்து விதைக்கும் உழவர், விதைச் சோளத்தை உணவுச் சோளத்தோடு கலந்து வைப்பாரா? மழை பெய்த நாளில் விதை இல்லையென்றால் அந்தப் பருவமே போயிற்று. அயல்நாட்டுப் படப்பிடிப்பும் அத்தகையதே. அனுமதி நாள் முடிந்து, நடிகரும் ஊர் திரும்பியபின் அக்காட்சியை மீண்டும் எடுப்பது எங்ஙனம்?

படி எடுத்தால் மட்டும் போதாது. மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்றும் அறிய வேண்டும். இரண்டு மூட்டைகளின் எடை ஒன்றாக இருப்பதால் உள்ளிருக்கும் தானியமும் ஒன்றாகிவிடுமா? இதற்கென ‘செக்சம்’ என்னும் கணக்கு உள்ளது. 1991-இல் ரொனால்டு ரிவெஸ்ட் வகுத்த எம்.டி.5 அவ்வகையில் ஒன்று. கோப்பு முழுவதையும் கணித்து அது ஒரு சிறு எண்ணைத் தரும். தற்செயலாக ஒரே ஒரு பிட் மாறினும் அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். எண்கள் ஒத்து, இரு கண்களின் காட்சியையும் திரையில் சேர்த்துப் பார்த்த பின்னரே கார்டை அழிக்கலாம். அழிக்கும் உரிமை ஒருவருக்கே இருத்தல் நலம் என்பது என் கருத்து. பலர் கை பட்டால், ‘அவர் படி எடுத்திருப்பார்’ என்று ஒவ்வொருவரும் எண்ணிவிடுவர்.

பிலிம் சுருள்களுக்கு விமான நிலைய எக்ஸ்-கதிர்கள் பகை. ஹார்டு டிஸ்க்குக்கு அந்த அச்சமில்லை. கீழே விழுதலும் களவு போதலுமே அதற்குப் பகை. எனவே ஒரு படியை ஒருவர் கைப்பெட்டியிலும், மற்றொன்றை வேறொருவர் வேறு விமானத்திலும் கொண்டு வருவர். சென்னையில் எண்கள் ஒத்தன என்ற செய்தி சேரும்வரை மூன்றாவது படி அயல்நாட்டிலேயே காத்திருக்கும்.