பொன் கலவாப் பொன்வேலை

கடைந்தெடுத்த மரக் கலத்துக்குப் பொன்னழகு ஊட்ட விழைந்த கைவினைஞர் பலரும் நாடிய வழி பொன் ரேக்கு ஒட்டுவதே. பொன்னை அடித்து அடித்து, ஒரு மில்லிமீற்றரின் 10,000இல் ஒரு பங்கு கனத்துக்கு மெலிவித்து, பசை பூசிய மரத்தின்மேல் பரப்பி, மெல்லிய தூரிகையால் ஒற்றிவிடுவர். பார்வைக்கு அதனை விஞ்சிய அழகு வேறில்லை. ஆனால் படச் சட்டத்துக்கும் சிற்பத்துக்கும் பொருந்தும் ரேக்கு, நாள்தோறும் உணவு இடும் கிண்ணத்துக்குப் பொருந்துமா? அகப்பை உரசிய இடம் உரிந்துபோகும். கழுவக் கழுவத் தேயும். அன்றியும், குடியானவன் வீட்டுக் கிண்ணத்துக்குப் பொன் வாங்கிக் கொடுப்பவர் யார்?

இந்த இடர்ப்பாட்டுக்கு ருஷியாவிலே, வொல்கா நதியின் இடக்கரைக் காடுகளில் வாழ்ந்த மக்கள் கண்ட விடை வியப்புக்குரியது. நிஷ்னி நொவ்கொரோத் நகரை அடுத்த அக்காட்டுக் கிராமங்களில் வளர்ந்த இவ்வேலைப்பாட்டுக்குக் கொக்லொமா என்று பெயர். உண்மையில் அது கலங்கள் விலைப்பட்ட சந்தை ஊரின் பெயர். கடைந்தவர் பெயரும் எழுதியவர் பெயரும் மறைய, விற்ற ஊரின் பெயர் நின்றுவிட்டது. இஃது உலகத்து இயல்பு போலும்.

இதன் தொடக்கத்தை 17ஆம் நூற்றாண்டில் வைப்பர். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிக்கொன் என்னும் தலைமைக் குரு ருஷியத் திருச்சபையின் வழிபாட்டு முறைகளைத் திருத்தினார். திருத்தத்தை ஏற்க மறுத்த பழைய நெறியினர் ஒறுப்புக்கு அஞ்சி இக்காடுகளுட் புகுந்தனர். அவர்களிடையே திருவுருவப் படம் எழுதுவோரும் இருந்தனர் என்பது மரபு. பொன் கிடையாதவிடத்து வெள்ளி ரேக்கை ஒட்டி, அதன்மேல் மஞ்சள் நிற எண்ணெய் மெருகைப் பூசிப் பொன்போலக் காட்டும் நுட்பம் படக்காரர் அறிந்த ஒன்று. பலிபீடத்துக்கு முன்னே விளங்கிய அந்த அறிவு கஞ்சிக் கிண்ணத்துக்கு இறங்கி வந்தது.

வேலை நடக்கும் முறையைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும். லிண்டன் என்னும் மென்மரத்தை நன்கு உலர்த்திக் கடைசற் பொறியிற் கடைகின்றனர். கடைந்த கலத்திலே ஒரு தொல்லை உண்டு. வளைந்து செல்லும் மேற்பரப்பில் ஓரிடத்து மரத்தின் நார் நீளவாட்டில் அமையும். மற்றோரிடத்து நாரின் வெட்டுவாய் வெளிப்படும். வெட்டுவாய் எண்ணெயைக் குடித்துவிடும்; நீளவாட்டம் குடியாது. அப்படியே விட்டால் மெருகு திட்டுத்திட்டாகும். ஆதலின் முதலில் குழைத்த களிமண்ணைப் பூசி மரத்தின் வாயை அடைக்கின்றனர். பின்னர்க் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைப் பல தடவை பூசி உலர்த்துகின்றனர். இறுதிப் பூச்சு முற்றாக உலருமுன், விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில், உலோகத் தூளைத் தேய்க்கின்றனர். ஆதியில் வெள்ளி, அது விலை மிகுந்ததாகையால் பின்பு வெள்ளீயம், 20ஆம் நூற்றாண்டிலிருந்து அலுமினியத் தூள். பதம் முந்தினால் தூள் எண்ணெயில் மூழ்கி மங்கும். பிந்தினால் பற்றாது உதிரும். பதம் வாய்த்த கலம் வார்த்தெடுத்த வெள்ளிப் பாத்திரம்போல் நிற்கும்.

அதன்மேல் வண்ணம் தீட்டி, மெருகெண்ணெயைப் பலமுறை பூசிச் சூளையில் இடுகின்றனர். 100 பாகை செல்சியசுக்குச் சற்று மேற்பட்ட வெப்பத்தில், சில மணிநேரத்தில், நிறமற்றிருந்த மெருகு தேன்மஞ்சளாய் மாறுகின்றது. அடியிலுள்ள வெண்ணிற உலோகம் தன்மேல் விழும் ஒளியையெல்லாம் திருப்பி அனுப்ப, மேலுள்ள மஞ்சட் படலம் உட்செல்லும்போது ஒரு முறையும் வெளிவரும்போது ஒரு முறையும் நீல ஒளியை விழுங்கிக்கொள்கின்றது. எஞ்சி நம் கண்ணை அடைவது பொன்னிறம். மெய்ப்பொன்னும் நீல ஒளியை விழுங்குவதனாலேயே அந்நிறம் பெறுகின்றது என்பதை நினைக்கும்போது, இப்போலிக்கும் மெய்க்கும் உள்ள தொலைவு நாம் எண்ணிய அளவு பெரிதன்று.

கொக்லொமாவிலே சிவப்பும் கருமையும் ஆட்சி செலுத்துவதற்கும் சூளையே முதற் காரணம். மென்மையான சாயங்கள் வெப்பத்தில் வெளிறிவிடும். இங்குலிகச் சிவப்பும் புகைக்கரியும் தாக்குப்பிடித்தன. வறுமையும் நெருப்பும் சேர்ந்து தேர்ந்துகொடுத்த இந்நிறங்களைப் பின்வந்தோர் ருஷிய உள்ளத்தின் குறியீடென்று விரித்துரைத்தனர். உரைக்கட்டும்.

எழுதும் முறை இரண்டு. ஒன்றிலே, பொன்னிறத்தளத்தின்மீது சிவப்பிலும் கருமையிலும் புல்லிதழ்களை இழுத்துவிடுவர். மற்றையதிலே தளம் முழுவதையும் கருமையாலோ சிவப்பாலோ மூடி, பூவும் சுருட்கொடியும் வரவேண்டிய இடங்களை மட்டும் மூடாது விடுவர். ஈற்றிற் கண்ணைக் கவரும் பொற்கொடி அங்கு வரைந்த கொடி அன்று. சுற்றிலும் மறைத்தமையால் எஞ்சிய கொடி. ரேக்கு ஒட்டுவோன் மரத்தின்மேல் பொன்னைக் கூட்டுகின்றான். இவனோ பொன்னை மறைத்து மறைத்துச் சிறிதளவு மீதி வைக்கின்றான். இரண்டாவதே அரிதென்பது எம் கருத்து.

கூர்ச்சர நாட்டுச் சங்கேடா ஊரிலும் இதற்கு உறவான ஒரு வேலை உண்டு. தேக்கிற் கடைந்த தொட்டிற் கால்களிலும் ஊஞ்சற் கால்களிலும் வெள்ளீயக் குழம்பால் கோலம் எழுதி, அகேட்டுக் கல்லால் தேய்த்துப் பளபளப்பேற்றி, அரக்கு மெருகிடுவர். வெள்ளீயக் கோலம் அங்கும் பொற்கோலமாகி விடுகின்றது.

இவற்றைக் காக்காய்ப்பொன் என்று தள்ளுவார் உளர். பொன்னென்று சொல்லி விற்றிருந்தால் அவ்வசை தகும். கொக்லொமாக் கிண்ணத்தை வாங்கிய குடியானவன் அது மரம் என்பதை அறிந்தே வாங்கினான். அவனுக்கு வேண்டியிருந்தது கொதிக்கும் சூப்பை ஊற்றினாலும் அழியாத ஒளி. ரேக்கின் பொன் மேலே நின்று தேய, இந்த ஒளி மெருகின் அடியிலே காப்புற்றிருந்தது. இன்று அக்கிண்ணங்கள் பெரும்பாலும் பரிசுப் பொருள்களாய் அலுமாரியில் ஏறிவிட்டன. அடுப்படிக்கென்றே பிறந்த ஓர் உறுதியைச் சோதிக்க இப்பொழுது அகப்பை இல்லை.

செமியோனவ் நகரிலும் சியோமினோ கிராமத்திலும் தூரிகைகள் இன்றும் ஓய்ந்துவிடவில்லை. எழுதுவோர் மாதிரி வரைந்துகொள்ளாது நேரே தூரிகையை வைக்கின்றனர். அவர்கள் கையில் கலம் இருக்கும் நேரமெல்லாம் அது வெள்ளி நிறம். பொன் பிறப்பது, அவர்கள் வேலை முடிந்து, சூளையின் கதவு சாத்தப்பட்ட பின்னர்.