வாசலுக்கு வெளியே நின்றவர்களின் பாடல்

ஞாயிறு காலையில் ஆலய மணி ஒலித்ததும் நாம் உள்ளே சென்று அமர்கிறோம். உள்ளே நுழைய உரிமையின்றி, வெளியே நின்று பாடலை மட்டும் கேட்டவர்களை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அவர்களை நினைவுகூரும் ஜாஸ் இசைதான் 'கம் சண்டே'.

அமெரிக்க இசைக்கலைஞர் டியூக் எலிங்டன், தம் கறுப்பின மக்களின் வரலாற்றை 'பிளாக், பிரவுன் அண்ட் பெய்ஜ்' என்ற நெடும் படைப்பாக இயற்றினார். அது 1943 ஜனவரி 23 அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில் இசைக்கப்பட்டது. வெள்ளையரின் ஆலயத்துக்கு வெளியே நிற்கும் அடிமைகளின் செபமாக அதில் வருவதே 'கம் சண்டே'. அன்று அதற்குப் பாடல் வரிகள் இல்லை. ஜானி ஹாட்ஜஸின் சாக்சபோன்தான் செபித்தது.

விமர்சகர் பலர் குறை கூறினர். இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்டில் தொடங்கிய பதிவு மறுப்புப் போராட்டத்தால் உடனே இசைத்தட்டாக்கவும் வழியில்லை. 1944 டிசம்பரில்தான் சில பகுதிகள் பதிவாயின. தட்டின் ஒரு பக்கத்தில் சில நிமிடங்களே அடங்கும். முக்கால் மணி நேரப் படைப்பு அதற்காகச் சுருங்கியது. கார்னகி அரங்கில் எடுத்த முழுப்பதிவு 1977-இல் வெளிவந்தபோது எலிங்டன் உயிரோடு இல்லை.

ஆனால் அந்த இசை அடங்கிவிடவில்லை. 1958-இல் மஹாலியா ஜாக்சன் அதற்குக் குரல் கொடுத்தார். இரவு விடுதிகளில் பாட மறுத்து, நற்செய்திப் பாடல்களையே பாடிவந்தவர் அவர். எலிங்டனின் வரிகளைத் தம் செபமாகவே பாடினார். அதே இசைத்தட்டில் 23-ஆம் திருப்பாடலையும் பாடியுள்ளார்.

1965 செப்டம்பர் 16 அன்று சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கிரேஸ் பேராலயத்தில் எலிங்டன் தம் முதல் புனித இசை நிகழ்ச்சியை நடத்தினார். அங்கே 'கம் சண்டே' மீண்டும் ஒலித்தது. அதே மெட்டை விரைவாக வாசிக்க, பன்னி பிரிக்ஸ் நடனமாடினார். ஆண்டவர் முன் தாவீது ஆடியதை நினைவூட்டும் நடனம் அது. வாசலுக்கு வெளியே நின்றவர்களின் செபம், 22 ஆண்டுகளுக்குப் பின் பேராலயத்தின் உள்ளே ஆனந்தக் கூத்தானது.

அன்பார்ந்தவர்களே, கதவை அடைத்தவர்கள் மனிதர்கள். வெளியே எழுந்த செபத்தையும் இறைவன் கேட்டார். வரும் ஞாயிறு ஆலயத்துக்குள் நுழையுமுன் ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். நம்மால் யாரேனும் வெளியே நிற்கிறார்களா?