பில்லோடு ஒரு துணுக்கு

கடையில் பில் கொடுத்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? கசக்கிக் குப்பைத் தொட்டியில் போடுகிறோம். கிள்ளானில் என் அக்கா நடத்தும் மளிகைக் கடையில் மட்டும் கடந்த சில மாதங்களாகச் சிலர் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் படிப்பது பில்லை அல்ல, அதோடு இணைத்திருக்கும் சின்னத் துண்டுத்தாளை!

எதிர் வரிசையில் ஒரு பேரங்காடி திறந்த பிறகு வந்த யோசனை இது. "அவன் பால் டின்னை விற்கிற விலைக்கு என்னால் வாங்கவே முடியாது, தம்பி. ரேடியோவில் பேசுகிறவன் நீ, ஏதாவது வழி சொல்லு" என்றார் அக்கா. வியாபாரம் எனக்குத் தெரியாது. ஆனால், இரண்டு பாட்டுகளுக்கு நடுவே கிடைக்கும் 30 வினாடியில் நேயர் வேறு நிலையத்துக்குத் தாவாமல் இருக்க என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். பணத்தைப் பற்றி, வாரம் ஒரு துணுக்கு எழுதித் தருகிறேன் என்றேன். வாடிக்கையாளர்களைப் பேச வைத்த சில துணுக்குகள் இதோ.

9.99 என்ற கணக்கு

மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல், ரொக்கமாகக் கட்டும்போது பில்லின் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்கிறார்கள். 1, 2, 6, 7 சென்னில் முடிந்தால் கீழே இறங்கும். 3, 4, 8, 9 சென்னில் முடிந்தால் மேலே ஏறும். ஆகவே, 9.99 ரிங்கிட் என்று எழுதிய பொருளை ரொக்கத்தில் வாங்கினால் 10 ரிங்கிட் கொடுக்க வேண்டும்!

இரண்டு வாங்கினால் 19.98, கட்டுவது 20. மூன்று வாங்கினால் 29.97, கட்டுவது 29.95, இப்போது நமக்கு 2 சென் லாபம். நான்கு வாங்கினால் 1 சென் லாபம். ஐந்து வாங்கினால் 49.95, யாருக்கும் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஏறுவதும் இறங்குவதும் கடைசியில் சமமாகிவிடும். அட்டையிலோ கியூஆரிலோ கட்டினால் இந்தத் திருத்தமே கிடையாது. "ரெண்டு சென்னை முழுங்கிட்டீங்களே" என்று அக்காவிடம் வழக்கமாகச் சண்டை போடும் ஒருவர், இதைப் படித்த மறுநாளே மூன்று பொருளாக எடுத்து வந்தார்!

வெள்ளி என்று ஏன் சொல்கிறோம்?

'ரிங்கிட்' என்ற மலாய்ச் சொல்லுக்குப் பற்கள் போல் வெட்டுப்பட்ட விளிம்பு என்று பொருள். ஒரு காலத்தில் இந்த வட்டார வணிகத்தில் புழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் விளிம்பு அப்படித்தான் இருந்தது. மலாய்க்காரர் அந்தப் பணத்தை விளிம்பால் அழைத்தார்கள். தமிழராகிய நாமோ உலோகத்தால் அழைத்தோம். தாளில் அச்சடித்த நோட்டைக்கூட நாம் இன்னும் 'பத்து வெள்ளி' என்கிறோமே! ரிங்கிட் என்ற பெயர் அதிகாரபூர்வமானது 1975-இல்தான்.

நம் கடைச் சரக்கு

மலாயில் கடையைக் 'கெடாய்' என்பார்கள். அது நம் 'கடை'தான். மூலதனம் 'மோடல்', அது நம் 'முதல்'. 'பெத்தி' நம் பெட்டி. வியாபாரத்துக்காகக் கடல் கடந்து வந்தவர்கள் சரக்கோடு சொற்களையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். முதலீடு இல்லை என்று யாராவது மலாயில் வருத்தப்பட்டாலும் அதில் ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறது!

வாழைமர நோட்டு

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் வெளியிட்ட 10 டாலர் நோட்டில் வாழைமரப் படம் இருந்தது. அதனால் அந்தப் பணத்துக்கே வாழைமரப் பணம் என்று பெயர். கணக்குவழக்கு இல்லாமல் அச்சடித்தார்கள். பல நோட்டுகளில் வரிசை எண்கூடக் கிடையாது. பணம் பெருகப் பெருகப் பொருளின் விலை ஏறியது. 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் அது வெறும் காகிதமானது.

இந்தத் துணுக்கு வந்த வாரம் ஒரு பாட்டி, அந்த நோட்டுகளை வைத்துக்கொண்டு தாமும் தம்பி தங்கைகளும் கடை விளையாட்டு விளையாடியதைச் சொன்னார். வரிசையில் நின்ற மூன்று பேர் வாங்க வந்ததை மறந்துவிட்டுக் கதை கேட்டார்கள்.

ஒன்றுக்கு ஒன்று

மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் 1967-இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒரு நாட்டுப் பணம் மற்ற நாட்டிலும் அதே மதிப்பில் செல்லும். 1973-இல் மலேசியா விலகிக்கொண்டது. சிங்கப்பூரும் புருணையும் இன்றும் தொடர்கின்றன. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளி வாங்க நமக்குச் சுமார் 3 ரிங்கிட் வேண்டும். ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்குப் போகிறவர்களிடம் காரணம் கேட்கத் தேவையில்லை.

அச்சேறாத துணுக்கு

அட்டையில் 555 என்று போட்ட சின்ன நோட்டுப் புத்தகம் பலருக்கு நினைவிருக்கும். மளிகைக் கடைக் கடன் எல்லாம் அதில்தான் ஏறும். சம்பள நாளில் அடித்துக் கணக்கை முடிப்பார்கள். இன்று செயலிகள் விற்கும் 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' திட்டத்துக்கு அதுதான் தாத்தா. செயலி இல்லை, கடவுச்சொல் இல்லை, கடைக்காரரின் நினைவாற்றலும் முகத் தாட்சண்யமும்தான் பிணை.

நான் ரசித்து எழுதிய துணுக்கு அது. அக்கா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எங்கிட்ட கடன் வெச்சிருக்கிறவங்க இதைப் படிச்சா, என்னைத்தான் குத்திக் காட்டுறாங்கன்னு நினைப்பாங்க. அப்புறம் அந்தப் பக்கமே போயிடுவாங்க" என்றார். கடன் வராமல் போவதைவிட ஆள் வராமல் போவதுதான் அவருக்குப் பெரிய நட்டம். அதனால் அதை இங்கே மட்டும் போடுகிறேன்.

நீங்களும் செய்யலாம்

முடிதிருத்தகம், தையல் கடை, டியூஷன் மையம் எதுவானாலும் சரி. துணுக்கு, மீதிச் சில்லறை எண்ணும் நேரத்துக்குள் படித்து முடிக்கும் அளவில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அச்சடிக்க வேண்டாம்; பொருளின் விலையை நம்புகிறவர் உங்கள் சொல்லையும் நம்புகிறார். கிண்டல் பணத்தைப் பற்றி இருக்கட்டும், வாங்க வந்தவரைப் பற்றி வேண்டாம்.

இதனால் அக்காவின் விற்பனை எகிறிவிட்டதா என்றால், இல்லை. அரிசி மூட்டைக்குப் பேரங்காடி போகிறவர்கள் இன்னும் போகிறார்கள். ஆனால், கறிவேப்பிலைக்கும் தேங்காய்க்கும் இங்கே வருகிறவர்கள், "இந்த வாரம் என்ன?" என்று கேட்கிறார்கள்.

இந்த வாரத் துணுக்கு: ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்', நம் 'காசு'விலிருந்து போனது என்று பலர் சொல்வார்கள். ஆசியாவில் புழங்கிய சிறு நாணயத்துக்கு ஆங்கிலேயர் வைத்த 'கேஷ்' என்ற பெயர்தான் நம் காசு. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்', பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

அக்கா இதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "பெட்டி இருக்கு தம்பி. அதில் போடத்தான் ஆளைத் தேடிக்கிட்டு இருக்கேன்!"