முதியோரும் கணினி முகப்பும்: மன்னார்க் கரையை முன்வைத்து ஒரு நோக்கு

எக்கருவியும் தன்னைப் படைத்த சமூகத்தின் அடையாளங்களைத் தாங்கியே பிறக்கின்றது. கணினியும் இதற்கு விலக்கன்று. 1981இல் சந்தைக்கு வந்த சிராக்ஸ் ஸ்டார் என்னும் கணினி, திரையை ஓர் அலுவலக மேசையாக உருவகித்தது. கோப்புறையும் கடிதக் கூடையும் அத்திரையிற் படங்களாயின. எழுதுவினைஞருக்கு இது பழகிய உலகம். பேசாலையிலோ தலைமன்னாரிலோ கரைவலை இழுத்து மூப்பெய்தியவருக்கோ அந்நிய உலகம். அவரது தயக்கத்தை அறிவுக் குறைவெனக் கொள்வோர், கருவிக்கு ஒரு வர்க்கச் சார்பு உண்டென்பதை மறந்தவராவர்.

இது வெறும் கோட்பாட்டுச் சிக்கலன்று. 2022இல் இலங்கையில் எரிபொருட் பங்கீடு இணையவழிப் பதிவுக்கு உட்பட்டது. கணினி அறியாதார் பிறர் கையை எதிர்பார்க்க நேர்ந்தது. முன்னர் மனு எழுதுவோனிடம் தம் குடும்ப நிலையை ஒப்புவித்தவர், இன்று அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கையும் அயலாரிடம் ஒப்புவிக்கின்றார். எழுத்தறிவின்மை தோற்றுவித்த சார்புநிலை புதிய வடிவிற் தொடர்கின்றது எனலாம்.

ஆகவே, முதியோருக்கான எளிய முகப்பு எவ்வாறு அமைதல் வேண்டும்? முதலில் உடலை நோக்குவோம். முதுமையிற் கண்வில்லை இறுகுகின்றது. கண்மணி சுருங்குவதால் உட்புகும் ஒளி குறைகின்றது. எனவே வெளிர் பின்னணியிற் பெரிய கரிய எழுத்துகளே தக்கவை. விரல்கள் விரைவிழப்பதால் இருமுறை அழுத்துதலை ஒருமுறை அழுத்துதலாக மாற்றுதலும், சுட்டியின் வேகத்தைக் குறைத்தலும் வேண்டும்.

அடுத்தது ஒழுங்கு. திரையில் நான்கு படங்களே போதும். அவை என்றும் ஒரே இடத்தில், தமிழ்ப் பெயர்களுடன் இருத்தல் வேண்டும். போரும் இடப்பெயர்வும் மன்னார்க் குடும்பங்கள் பலவற்றைச் சிதறடித்தன. 1990 அக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல புத்தளத்திலேயே தங்கிவிட்டன. ஆதலின் முகம் பார்த்துப் பேசும் வசதியே முதற் படமாதல் பொருந்தும். இடையே தோன்றும் அறிவிப்புகளை நிறுத்திவிடல் நன்று. கணினியின் அமைப்பை மாற்றும் அதிகாரமற்ற தனிக் கணக்கொன்றை அவருக்கு வழங்கின், "எதையாவது கெடுத்துவிடுவேனோ" என்னும் அச்சம் அகலும். கற்றலுக்குப் பெருந்தடை இவ்வச்சமே.

விசைப்பலகை தனித்து நோக்கத்தக்கது. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப்பொறியின் மரபிற் புள்ளியை முதலிலும் எழுத்தைப் பின்னரும் அடித்தல் வேண்டும். அது பொறியின் தேவையேயன்றி மொழியின் இயல்பன்று. 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 அமைப்பிலோ ககரத்தை அடுத்து இகரத்தை அழுத்தக் 'கி' தோன்றும். திண்ணையிலும் பள்ளியிலும் உயிரையும் மெய்யையும் கூட்டிப் படித்த முதியவருக்கு இதுவே இயல்பானது. இலங்கையின் 2008ஆம் ஆண்டுத் தர நியமம் வேறு விசைப்பலகையை ஏற்றுள்ளதெனினும், புதிதாகத் தொடங்குவோருக்கு இத்தெரிவு திறந்தே இருத்தல் வேண்டும்.

எளிமையின் எல்லையைக் காட்டும் சான்று ஒன்றுண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1998இல் தொடங்கிய திட்டத்தின்கீழ்ப் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்கள் அமைந்தன. வீராம்பட்டினம் என்னும் மீனவக் கிராமத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து பெற்ற அலையுயர முன்னறிவிப்பு ஒலிபெருக்கி வழியே தமிழில் அறிவிக்கப்பட்டது. கடலுக்குச் செல்வோர் எவரும் விசையொன்றைத் தொடவேண்டியிருக்கவில்லை; குரலே முகப்பாயிற்று. போர்க்கருவியாக விளைந்த அறிவு உழைப்போரின் உயிர்காப்பாக மாறியமை ஈண்டு நினையத்தக்கது.

ஆயினும், கேட்போராக மட்டும் மக்கள் நின்றுவிடலாகாது. திரையிலுள்ள படங்களுக்குப் பெயரிடும் உரிமையும் முதியோருக்கே உரியது. 'கோப்புறை' என்பதைப் 'பெட்டகம்' என அவர் அழைப்பாராயின் அவ்வாறே எழுதுக. கருவியை மனிதனுக்கேற்ப மாற்றுதல் இரக்கச் செயலன்று. உழைத்து மூத்தவர்க்குச் சமூகம் செலுத்தவேண்டிய கடனாகும்.