நடமாடும் மணலை நிலைநிறுத்தல்

காற்றினால் பெயர்ந்து திரியும் மணல் பயிருக்கும் பாதைக்கும் பெரும் பகையாகும். அது இளமுளைகளை அறுக்கும், வேர்களை வெளிப்படுத்தும், வேலியையும் வீட்டையும் மூடிவிடும். மதில் எழுப்பி அதனைத் தடுத்துவிடலாமென எண்ணுவோர் உளர். ஆயின் மதிலின் முன்னே குவியும் மணல் நாளடைவில் அதன் உச்சியையும் கடந்து செல்லும். மணலை வழியில் மறிப்பதினும், அது கிளம்பும் இடத்திலேயே கட்டுவது மேலானது. இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது, வட சீனாவிலே தெங்கர் பாலைவனத்தின் ஓரத்திலுள்ள சாபோதௌ என்னும் இடமாகும்.

பவுதௌ, லான்சௌ ஆகிய நகரங்களை இணைக்கும் புகையிரதப் பாதை இவ்விடத்தில் மணற்குன்றுகளை ஊடறுத்துச் செல்லுகின்றது. இப்பாதை 1958 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1956 இல், பாதையின் இருமருங்கிலும் மணலைக் கட்டும் வேலை தொடங்கிற்று. அங்கு ஆண்டொன்றிற்குப் பெய்யும் மழை சராசரியாக ஏறக்குறைய 180 மில்லிமீற்றர் மட்டுமே. நிலத்தடி நீரோ வேர்கள் எட்டாத ஆழத்தில் உள்ளது.

காற்றின் வேகத்தைத் தணித்தல்

உலர்ந்த மணலைக் கிளப்புவதற்கு வினாடிக்கு 5 மீற்றர் அளவான காற்றே போதும். மணற்றுணிக்கைகள் பெரும்பாலும் துள்ளித் துள்ளியே செல்லுகின்றன. கீழே விழும் துணிக்கை ஒவ்வொன்றும் வேறு துணிக்கைகளை மோதி எழுப்புகின்றது. இவ்வோட்டத்தின் பெரும்பகுதி நிலத்திலிருந்து ஓரடி உயரத்துள் அடங்கும். பலத்த காற்றின் வேகம் இருமடங்கானால், அது சுமக்கும் மணல் ஏறத்தாழ எட்டு மடங்காகும். ஆகவே நிலத்தை ஒட்டிய காற்றைச் சிறிது தணித்தாலும் பயன் பெரிதாம்.

சாபோதௌவில் இதற்கு வைக்கோல் உதவியது. ஒரு மீற்றர்ப் பக்கமுள்ள சதுரங்களாக வைக்கோலைப் பரப்பி, மண்வெட்டியால் நடுவில் அழுத்தி, இரு நுனிகளும் ஒரு சாண் அளவுக்கு மேலே நிற்குமாறு மணலில் பதித்தனர். இவ்வைக்கோல் நான்கைந்து ஆண்டுகளில் உக்கிவிடும். அதற்குள் செடிகள் வேரூன்றிவிடல் வேண்டும்.

மழையும் செடியும்

வெறும் மணலில் விழும் மழை ஓடி வீணாகாது விரைவாகக் கீழே இறங்குகின்றது. மேற்படை உலர்ந்ததும், அதுவே மூடுபடைபோல் அமைந்து, அடியிலுள்ள ஈரலிப்பு ஆவியாகாது காக்கின்றது. சிறிதளவு மழை பெறும் மணற்குன்றிலும் ஆழவேர்ப் புதர்கள் பிழைப்பதற்கு இதுவே காரணம். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த கரகானாவும், மாசிபத்திரிக்கு இனமான ஒரு புதரும் வைக்கோற் சதுரங்களுள் நடப்பட்டன. அவற்றின் தண்டுகள் காற்றைத் தடுக்க, காற்றில் வந்த நுண்ணிய தூசி அவற்றினடியிற் படிந்தது.

மண்பொருக்கு

அசைவற்று, தூசி படிந்த இம்மணலிலே முதலில் நீலப்பச்சை அல்காக்கள் குடியேறின. இவற்றின் மெல்லிய இழைகளும் பசைப்பொருளும் துணிக்கைகளை ஒன்றோடொன்று பிணைத்தன. பின்னர் இலைக்கன்களும் பாசிகளும் தோன்றின. இவ்வாறு உருவாகும் உயிருள்ள பொருக்கு சில மில்லிமீற்றர் தடிப்புடையதாயினும், பலத்த காற்றுக்கும் மணலைப் பெயரவிடாது. அன்றியும் அது வளியிலுள்ள நைதரசனை நிலைப்படுத்தி மண்ணை வளப்படுத்துகின்றது.

எனினும் பொருக்கினால் ஒரு மாற்றமும் விளைந்தது. அது சிறு மழையின் நீரை மேற்பரப்பிலேயே பிடித்துக்கொள்வதால், ஆழத்திற்குச் செல்லும் ஈரம் குறைந்தது. முதலில் நிலத்தின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை மூடிய புதர்கள், நாற்பது ஆண்டுகளின் பின் பத்திலொரு பங்களவாக ஐதாயின. ஆழமற்ற வேருடைய சிறு பூண்டுகள் அவற்றினிடத்தைப் பெற்றன. ஆயினும் பொருக்கு நிலைத்தமையால் மணல் மீண்டும் பெயரவில்லை. மழை தாங்கக்கூடிய அளவுக்கு மேல் செடிகளை நெருக்கி நடுவதாற் பயனில்லை என்பது இதனாற் பெறப்படும்.

மிதிபடின் நேர்வது

பொருக்கு உருவாகப் பல ஆண்டுகள் செல்லும். ஆட்டுமந்தையின் குளம்புகளால் அது விரைவில் நொறுங்கிவிடும். சினாய், நெகேவ் பாலைவனங்களில் எகிப்து-இஸ்ரேல் எல்லையின் இருபுறமும் ஒரே மணற்குன்றுத் தொடரே பரந்துள்ளது. மேய்ச்சல் மிகுந்த சினாய்ப் பக்கம் வெளிறியும், மேய்ச்சல் தடுக்கப்பட்டதால் பொருக்கு மூடிய நெகேவ் பக்கம் கருமை படர்ந்தும் செய்மதிப் படங்களில் தோன்றின. மண்ணும் மழையும் ஒன்றாயிருந்தும், மிதிபட்டமையே வேறுபாட்டை விளைத்தது.

நம் நாட்டிற்கு ஏற்றது

இலங்கையிற் பாலைவனம் இல்லை. எனினும் வடமராட்சி கிழக்கிலே, மணற்காடு முதலிய கரையோர ஊர்களில் மணற்குன்றுகள் உள்ளன. அங்கே பழைய அந்தோனியார் ஆலயத்தின் இடிபாடுகள் மணலிற் புதையுண்டு கிடத்தலைக் காணலாம். சாபோதௌவினும் பன்மடங்கு மழை பெறும் இப்பகுதியிலும் மணல் பெயர்ந்ததெனின், மழை மட்டும் மணலைக் கட்டாது என்பது வெளிப்படை. கடற்காற்றுக்குத் திறந்து கிடக்கும் மணலில் முளைகள் நிலைகொள்வது அரிது.

ஆகையால் கரையோரக் கமக்காரர் மூன்றினைக் கடைப்பிடித்தல் வேண்டும். முதலாவதாக, கடலை நோக்கிய பக்கத்தில் இயற்கையாகப் படரும் அடம்பன் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் வெட்டி அகற்றலாகாது. இரண்டாவதாக, கன்று நடுமுன் வைக்கோல், பனையோலை, கிடுகு ஆகியவற்றுள் கிடைப்பதைக் கொண்டு காற்றைத் தணித்தல் வேண்டும். மூன்றாவதாக, செடி பிடித்த குன்றில் மாடு ஆடுகளை மேயவிடுதலும், வண்டி செலுத்துதலும், மணல் அகழ்தலும் தவிர்க்கப்படல் வேண்டும்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம்மவர் பழமொழி. மணற்குன்றின்மேல் அக்கொடி திரளும்வரை காத்திருத்தலே, அதன் பின்னாலுள்ள தோட்டத்தையும் கிணற்றையும் காப்பதாகும்.