ஆரணியின் சோற்றுத் தட்டு

திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியிலிருந்து வெளியூர் போகும் சரக்குகளில் இரண்டுக்குப் பெயர் அதிகம். ஒன்று பட்டுச் சேலை, மற்றொன்று அரிசி. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டைத் தெரியாதவர்கள் குறைவு. ஆரணி அரிசி, களம்பூர் அரிசி என்று ஊர்ப் பெயர் சொல்லிக் கேட்டு மூட்டை வாங்குகிறவர்களும் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். தெருவுக்குள் தறிச்சத்தம், ஊருக்கு வெளியே நெல் அவிக்கும் வாசனை என்று இரண்டு தொழில்கள் தாங்கும் ஊர் இது.

இந்த ஊரில் சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் குடும்பம் நல்ல சாப்பாடு சாப்பிடுவது எப்படி? இந்தக் கேள்விக்குப் பெருநகரத்து ‘ஆர்கானிக்’ கடைகள் சொல்லும் விடை நெசவாளர் வீட்டுக்கு எட்டாது. அலங்காரப் பொட்டலத்தில் வரும் கால் கிலோ தானியத்தின் விலையே அதிகம். ஆனால் நல்ல உணவுக்குத் தேவையானவை ஏறக்குறைய எல்லாமே ஆரணியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் விளைகின்றன. சமவெளியில் நெல்லும் கேழ்வரகும், மானாவாரி நிலத்தில் நிலக்கடலை, ஜவ்வாது மலையில் சாமை, கொல்லையில் முருங்கை. தட்டில் எது எவ்வளவு விழுகிறது என்பதில்தான் சிக்கல்.

அரிசியிலிருந்தே தொடங்கலாம். நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து, உமி நீக்கினால் கிடைப்பது பழுப்பு நிறப் புழுங்கல் அரிசி. அதன் மேல் படிந்திருக்கும் தவிட்டில் பி வைட்டமின்கள், நார்ச்சத்து, எண்ணெய், தாது உப்புகள் எல்லாம் இருக்கின்றன. அதற்குப் பிறகுதான் பாலிஷ். தவிடு உரிய உரிய அரிசி வெளுக்கும். ‘சார்டெக்ஸ்’ என்னும் நிறம் பிரிக்கும் இயந்திரத்துக்குள் போய் வந்தால் கறுப்பு மணி ஒன்றுகூட இல்லாமல் பளிச்சென்று மூட்டையில் இறங்கும். தவிடு எண்ணெய் ஆலைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போய்விடும்.

வெள்ளை அரிசிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு முக்கியமான பங்கு உண்டு. டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜாவாவில் கோழிகளைக் கவனித்தார். தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகளின் கால்கள் தளர்ந்து விழுந்தன. தவிடு நீக்காத அரிசியைக் கொடுத்ததும் எழுந்து நடந்தன. மனிதர்களுக்கு வரும் பெரிபெரி நோயின் காரணம் அப்படித்தான் பிடிபடத் தொடங்கியது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மக்காரிசன் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். அதன் வேலையே பெரிபெரி விசாரணைதான். பின்னாளில் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைப் பிரித்துக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், காய்கறி சேர்ந்த வடக்கத்திய உணவைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. பாலும் காய்கறியும் குறைந்து அரிசி மிகுந்த சென்னை மாகாணத்து உணவைத் தின்றவை நலிந்தன. மக்காரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்ட், பச்சரிசியைத் தீட்டிச் சாப்பிட்ட ஆந்திரக் கடலோரத்தில்தான் பெரிபெரி மிகுதி, புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள் என்பதை விளக்கினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் என்னும் பி1 வைட்டமின் மணிக்குள் இறங்கிவிடுவதுதான் காரணம்.

குன்னூர் ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அது 2017இல் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணை மேலே சொன்ன கதையை எண்களில் சொல்கிறது. 100 கிராம் தீட்டாத பச்சரிசியில் 0.27 மில்லிகிராம் தயமின் உண்டு. தீட்டிய பச்சரிசியில் அது 0.05 ஆகச் சரிகிறது. தீட்டிய புழுங்கல் அரிசியிலோ 0.17. ஆக, வட ஆற்காட்டுப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் புழுங்கல் சாப்பிட்டுவருவது வெறும் பழக்கமல்ல, உடம்பைக் காத்த பழக்கம். அதையும் பல முறை கழுவி, வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றினால் நீரில் கரையும் இந்த வைட்டமின் கஞ்சியோடு போய்விடும். உப்புப் போட்டு வடிகஞ்சி குடித்த பாட்டிகள் அதை வீணாக்கவில்லை.

ஆரணிக்காரர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அரைக்கிற இடம் பக்கத்திலேயே இருக்கிறது. பாலிஷ் குறைந்த அரிசி வேண்டும் என்று நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து சொன்னால், சிறிய ஆலைகளில் அரைத்து வாங்க வழி உண்டு. அந்த அரிசியை ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சிக்கு வாசனை வந்துவிடும். நேரம் கூடுதலாக ஊறவைத்து, தண்ணீர் சற்று அதிகம் வைத்தால் சோறு மென்மையாகவே வேகும்.

பாரம்பரிய ரகம் வேண்டுமென்றால் தஞ்சாவூர் வரை போக வேண்டியதில்லை. ஆற்காடு கிச்சிலிச் சம்பா இந்த மண்ணின் பெயரையே சுமக்கிறது. கிச்சிலிச் சம்பா என்ற பெயரில் புழங்கிய ஜி.இ.பி. 24 ரகத்தைக் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1921இல் வெளியிட்டது. திரூர்க்குப்பத்தில் உருவான டி.கே.எம். 6 அதன் வாரிசு. டி.கே.எம். 6 வழியாக அதன் இரத்தம் பிலிப்பைன்ஸின் ஐ.ஆர். 20 ரகத்திலும் ஓடுகிறது. நெல் ஜெயராமன் 2018இல் மறையும் முன் 174 பாரம்பரிய ரகங்களை மீட்டுச் சேர்த்தார். அவற்றில் பல இன்று திருவண்ணாமலை மாவட்ட வயல்களிலும் விளைகின்றன. விளைச்சல் குறைவு என்பதால் விலை கூடத்தான் செய்யும். அதனால் வாரத்தில் இரண்டு நாள் அதைச் சமைத்தால் போதும். எல்லா நாளும் பொன்னி சாப்பிடுகிற வீடு தவறு செய்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

ஏனென்றால், எந்த அரிசி என்பதைவிட எவ்வளவு அரிசி என்பதுதான் பெரிய கேள்வி.

குழித்தறியில் உட்கார்ந்தவர் காலை முதல் பொழுது சாயும் வரை பெரும்பாலும் எழுவதில்லை. கால் மிதியை மிதிக்கும், கை நாடாவை வீசும், ஆனால் உடம்பு நடப்பதில்லை. வீட்டுப் பெண்கள் தார் சுற்றுவதும், பாவு இழைகளைச் சரிசெய்வதும், பிறகு சமையலறைக்கு ஓடுவதுமாக இருக்கிறார்கள். வேலைக்கு இடையில் சீக்கிரம் வயிறு நிறைய வேண்டும். எனவே சோறு மலையாக, குழம்பு ஆறாக, காய் ஓரமாக. வயலில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தவருக்கு அமைந்த தட்டு அப்படியே தறிக்காரர் வீட்டிலும் தொடர்கிறது.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய நீரிழிவு ஆய்வில் தமிழ்நாட்டின் விகிதம் 14.4 சதவீதம். நாட்டின் சராசரி 11.4. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதே வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அளவுக்கு மேல் எடை கொண்டவர்கள். வயிறு நிறைகிறது, உடம்புக்கு வேண்டியது சேரவில்லை என்பதை இந்த இரண்டு எண்களும் சேர்ந்தே சொல்கின்றன.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் புதுப்பித்த வழிகாட்டுதல், நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம் போதும் என்கிறது. இட்லிக்குப் போடும் அரிசி, ரவை, கோதுமை, கேழ்வரகு எல்லாம் இந்தக் கணக்கில்தான். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 30 கிலோ. ரேஷன் அட்டைக்கு வரும் 20 கிலோ வரையான அரிசி, கடையில் வாங்கும் மூட்டை, மாவு மில்லுக்குப் போவது என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கும் வீடுகளுக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. அதே வழிகாட்டுதல் காய்கறியும் கீரையுமாக 400 கிராம் கேட்கிறது. பருப்பு, முட்டை, மீன், இறைச்சி சேர்ந்து 85 கிராம். சோற்றைக் குறைத்தால் மிஞ்சும் பணம் இங்கே போகலாம்.

இந்த ஊர்ச் சமையலில் ஏற்கெனவே சரியாக அமைந்திருப்பது கூழ். ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும்போது தெருவே வரிசையில் நிற்கிறது. முதல் நாள் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்கிறார்கள். மறுநாள் நொய்யை வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றிக் கிண்டுகிறார்கள். ஆறியதும் மோர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பக்கத்தில் முருங்கைக்கீரை அல்லது கருவாடு. புளிக்க வைப்பதால், இரும்பும் சுண்ணாம்பும் உடம்பில் சேராமல் தடுக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் குறைகிறது. 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் சுமார் 8 மில்லிகிராம்தான். தொட்டுக்கொள்ளும் முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு 314 மில்லிகிராம் சுண்ணாம்பும் ஆறு கிராமுக்கு மேல் புரதமும் இருக்கின்றன. ஆடி முடிந்ததும் கூழ்ப்பானையைக் கவிழ்த்துவிடுவது பெரிய இழப்பு. தறியில் உட்காருமுன் காலையில் ஒரு சொம்பு கூழ் குடிக்கும் முதியவர்களைக் கேலி செய்த தலைமுறை, அதே கேழ்வரகைக் கடையில் ‘ஹெல்த் மிக்ஸ்’ என்று பல மடங்கு விலைக்கு வாங்குகிறது.

மேற்கே ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடி மக்களின் பயிர் சாமை. அதன் உமியை நீக்குவது கடினம். முன்பு உரலில் குத்தினார்கள், இப்போது இயந்திரம் வந்துவிட்டது. இயந்திரத்தோடு பழைய ஆசையும் வந்தது. சந்தையில் சில சாமைகள் அரிசியைப் போலவே வெள்ளையாகத் தீட்டப்படுகின்றன. சற்றுப் பழுப்பாக இருப்பதை வாங்க வேண்டும். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் சாமை சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்ற பேச்சு பரவியிருக்கிறது. அது மருந்தல்ல. சாமைச் சோற்றையும் மலையாகக் குவித்தால் இரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அரிசிக்குப் பதிலாக, குறைந்த அளவில், நிறையக் காயோடு சாப்பிடுவதில்தான் அதன் நன்மை.

எண்ணெய்க்கு நிலக்கடலை இருக்கிறது. மரச்செக்கில் ஆட்டிய எண்ணெயின் மணத்தை வட ஆற்காட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. ஈரத்தில் பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அது கல்லீரலைத் தாக்கும். சுத்திகரிப்பில் அது நீங்கிவிடும், செக்கெண்ணெயில் தங்கிவிடக்கூடும். சொந்தமாகக் கடலை கொண்டுபோய் ஆட்டுபவர்கள் சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கிவிட்டுத்தான் செக்கில் போட வேண்டும். எந்த எண்ணெயானாலும் ஒருவருக்கு நாளைக்கு 27 கிராம்தான் கணக்கு. நாலு பேர் வீட்டுக்கு நெய்யும் சேர்த்து மாதம் சுமார் மூன்றரை லிட்டர்.

காய்கறிக்கு உழவர் சந்தை. 1999இல் மதுரையில் தொடங்கிய இந்தத் திட்டம் ஆரணிக்கும் வந்தது. காலையில் போனால் விளைவித்தவரிடமே வாங்கலாம், எப்போது மருந்தடித்தார் என்று நேரில் கேட்கவும் செய்யலாம். கீரையை அரியுமுன் பல தண்ணீரில் அலச வேண்டும், அரிந்தபின் அல்ல. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஏறும். அதற்கு எதிரி தேநீர். நெசவுத் தெருக்களில் சோர்வு தட்டும்போதெல்லாம் டீ வருகிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் அதைத் தள்ளிவைத்தாலே இரத்தசோகை உள்ள பெண்களுக்குப் பயன் உண்டு.

ரேஷன் அரிசியைப் பற்றிய ஒரு பயத்தையும் போக்க வேண்டியிருக்கிறது. நூறு மணிக்கு ஒன்று என்ற விகிதத்தில் செறிவூட்டிய மணிகளை அதில் கலக்கும் திட்டம் வந்தது. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்தவை அவை. கழுவும்போது சில மிதக்கும், நிறமும் சற்று வேறுபடும். பிளாஸ்டிக் அரிசி என்று அவற்றைப் பொறுக்கி எறிகிறவர்கள், அரிசி தீட்டும்போது போன சத்துக்கு மாற்றாக வந்ததை எறிகிறார்கள். தலசீமியா உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளின் பங்குக்குப் பள்ளிக்கூடம் பெரிய துணை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. அங்கே உப்புமா, கிச்சடி, பொங்கலோடு காய்கறி சாம்பார் கிடைக்கிறது. மதியம் சத்துணவில் முட்டை கிடைக்கிறது. விடிந்ததும் தறியில் உட்காரும் தாய்க்கு அந்த ஒரு வேளை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது நெசவுத் தெருவில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். மிச்சமிருப்பது மாலை நேரம். பள்ளி விட்டு வரும் பிள்ளை கையில் பத்து ரூபாயோடு பெட்டிக்கடைக்கு ஓடுகிறது. உப்பும் எண்ணெயும் தூக்கலான பொட்டலத்தோடு திரும்புகிறது. அதே பத்து ரூபாயைச் சேர்த்து வைத்து வீட்டில் ஒரு டப்பா வறுத்த கடலை, வெல்லம் போட்ட கடலை உருண்டை, அவித்த சுண்டல், பருவத்தில் கொய்யா என்று மாற்றி மாற்றி வைத்திருக்கும் வீடுகள் ஆரணித் தெருக்களில் இன்னும் இருக்கின்றன. அந்த டப்பா பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.